செவ்வாய்க்கிழமைப் பதிவேடு

சங்கக்கடையின் பழைய நெல் களஞ்சியம்.
வௌவால் எச்சம் சுரண்ட மூன்று நாள்.
கறையான் புற்று இடிக்க ஒரு நாள்.
சுவரில் இருந்த ஓட்டைகளைப் பூச
மேசனுக்கு இரண்டு நாள் கூலி.
ஒன்றை மட்டும் பூசாமல் விட்டான்,
"காத்து வரட்டும்" என்றான்.

பெயர்ப்பலகை மூன்று மொழியில்:
குடும்ப வள நிலையம், முத்தையன்கட்டு இடதுகரை.
நீலக் கதிரை பதினைந்து.
குழந்தைகளின் நிறை பார்க்கத் தராசு.
கரண்ட் போதாமல் முனகும்
போட்டோக் கொப்பி மெசின்.
கொழும்பிலிருந்து வந்த விளையாட்டுச் சாமான் பெட்டியில்
ஒரு பனிமனிதப் பொம்மை.
எங்கட பிள்ளைகள் அதைப் பார்த்து
"வெள்ளைப் புற்று" என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது.
அடுத்த நாள் வந்தது
ஒரு கோழி.

வேலி வேலியாய் நடந்து சொன்னேன்.
மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி கட்டியபடி
புஸ்பகாந்தி கேட்டாள்:
"வளம் எண்டால் என்ன தருவியள் மிஸ்?
தறப்பாளோ?"
இல்லை.
"கோழிக்குஞ்சோ?"
இல்லை.
"பின்னை?"
"வந்து இருக்கலாம்" என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
மண்வெட்டியால் அடுத்த பாத்தியை வெட்டி விட்டாள்.

ஐந்தாம் கிழமை, செவ்வாய், காலை ஒன்பதே முக்கால்.
ஒன்பது பேர். பிறகு பதினான்கு.
பிறகு கதிரை காணாமல் சாக்கு விரித்தோம்.
எனக்குத் தலைகால் புரியவில்லை.
முருங்கையிலை பற்றிக் கதைத்தேன்,
இரும்புச்சத்துப் பற்றி,
பால்மா வாங்கும் காசுக்கு
எத்தனை முட்டை வாங்கலாம் என்று.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
மேசன் விட்ட ஓட்டையில் மட்டும்
மாறி மாறி ஒருத்தியின் கண்.
பதினொன்றரைக்கு
அணைக்கட்டு வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.
சத்தம் ஓய்ந்ததும்
எல்லாரும் ஒன்றாய் எழும்பினார்கள்.

அடுத்த செவ்வாயும் அப்படித்தான்.
மூன்றாவது செவ்வாயில் யோகராணியின் மகள்,
ஐந்து வயது, பனிமனிதனை மடியில் வைத்தபடி
என் காதுக்குள் சொன்னாள்:
"லோன் மாமா இங்க வரமாட்டாராம்.
இது கவுண்மேந்தாம்."

மாத அறிக்கையில்
'நடைபெற்ற நிகழ்ச்சி' என்றொரு பெட்டி உண்டு.
ஒளித்தல் என்று எழுதினேன். வெட்டினேன்.
போஷாக்கு என்று எழுதினேன்.
அதை இன்னும் அழுத்தி வெட்டினேன்.

நாலாவது செவ்வாய்
முருங்கையிலையை மூடி வைத்துவிட்டு
"லோன் புத்தகங்களைக் கொண்டு வாங்கோ" என்றேன்.
சட்டைக்குள்ளிருந்து, அரிசிப் பேணிக்குள்ளிருந்து,
இடம்பெயர்ந்த காலத்துச் சொப்பிங் பைகளுக்குள்ளிருந்து வந்தன.
ஒருத்திக்கு ஒன்றில்லை. மூன்று, நான்கு.
முந்தினதை அடைக்கப் பிந்தினது.
முதல் கடன் எதற்கு என்று கேட்டேன்.
வீட்டுத்திட்ட வீட்டுக்கு யன்னல்.
கிணற்றுக்குக் கட்டு.
மகனைத் தேடிக் காம்ப் காம்பாய் அலைந்த பஸ் காசு.
கூட்டிக் கொடுத்தவள் சர்மிளாதேவி,
ஓ.எல்லில் கணக்குத் தவறியவள்.
ஒரு சதம் பிசகவில்லை.

அன்று மோட்டார் சைக்கிள் கடந்து போகவில்லை.
வாசலில் நின்றது.

இருபது வயசுப் பெடியன்.
கையில் ஹெல்மெட், சப்பாத்து முழுக்கச் செம்புழுதி.
உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லை.
பெயர்ப்பலகையை இன்னொருக்கால் வாசித்துவிட்டுக் கேட்டான்:
"இங்க பிறப்புப் பத்திர அலுவல் பாப்பியளோ?
தங்கச்சிக்கு இல்லை.
மாத்தளனில, பங்கருக்குள்ள பிறந்தவ."

தராசுக் கிண்ணத்தில் கிடந்த குழந்தை
காலை உதைத்தது. முள் ஆடியது.

இராசமலர்தான் முதலில் அசைந்தாள்.
கதிரை கொடுக்கவில்லை.
தன் சாக்கின் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள்.
"இரு. ஆனா இண்டைக்குக் காசு கேக்கப்படாது."

பதிவேட்டை நீட்டினேன்.
பெயர்: லக்சாந்தன். ஊர்: மல்லாவி.
வந்த நோக்கம் என்ற இடத்தில்
பழக்கத்தில் 'அறவீடு' என்று எழுதிவிட்டு
என்னைப் பார்த்தான்.
அழிறப்பரைத் தள்ளினேன்.
பேனையால் எழுதியிருந்தான், போகவில்லை.

"இருக்கட்டும்,
பக்கத்தில மற்றதையும் எழுதச் சொல்லுங்கோ"
என்றாள் சர்மிளாதேவி,
கூட்டிக்கொண்டிருந்த கணக்கிலிருந்து
தலை நிமிராமல்.